முர்ஸோ கையில் மார்ச் நூல்

சோஃபியா, 9 ஜனவரி 1984

அன்புள்ள நெவேனா,

தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். போன தடவை வைப்பதற்கு முன்னால் உன் அடுப்பில் வெங்காயம் வதங்குகிற சத்தம் கேட்டது. வெங்காயத்துக்காவது என்மேல் கோபமில்லை போலிருக்கிறது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதை வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் நாலு வரி கண்ணில் பட்டுவிடும்.

ஏழாவது புத்தகத்தை எழுதி முடித்துவிட்டேன். முர்ஸோ கதைகளில் இதுதான் கடைசி. பதினெட்டு வருஷமாக அந்தச் சோம்பேறி ராட்சசனைக் கிணற்றுக்குள் படுக்கவைத்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கதை சொல்லியாகிவிட்டது. நான் பெற்ற பிள்ளை, நீ தலைவாரிவிட்ட பிள்ளை. கடைசியாக ஒரு தடவை அவனுக்குத் தலைவாரிவிடு. ஏப்ரலுக்குள் படங்கள் வேண்டும். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்காதே. அவசரம், அவ்வளவுதான்.

புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு தின்கா உள்ளே சீட்டு வைத்து பனித்சா அடை சுட்டாள். என் துண்டுக்குள் இருந்த அதிர்ஷ்டச் சீட்டை அவளே பிரித்துப் படித்தாள். "நீண்ட பயணம்" என்று வந்ததாம். கீழே ரொட்டிக் கடை வரைக்கும் போகவே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

கான்சோவைக் கேட்டதாகச் சொல். ஆற்றில் பனிக்கட்டி மிதக்கிறதா?

உன்
மெத்தோதி


ரூசே, 17 ஜனவரி

மெத்தோதி அண்ணா,

கிழிக்கல. படிச்சேன். முடியாதுங்கறதுதான் பதில்.

எனக்கு உங்களை மாதிரி எழுத வராது. பேசற மாதிரியேதான் வரும், பொறுத்துக்கோங்க.

தலைவாரிவிடுன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டீங்க. அந்தத் தலையை வாரிப் பார்த்தவ நான். மொதல்ல பென்சில்ல உடம்பு. அப்புறம் ஊசி மாதிரி நிப்பால முடி, வேர்லேர்ந்து நுனிக்கு, ஒவ்வொண்ணா. காயறதுக்குள்ள கை பட்டா அந்தப் பக்கமே போச்சு. காஞ்சப்புறம் மேல இன்னொரு அடுக்கு, அப்பதான் அது கம்பளி மாதிரி புசுபுசுன்னு தெரியும். ஒரு பக்கம் முடியறதுக்குள்ள கட்டைவிரல் மரத்துப்போயிடுது. இப்பல்லாம் காலைல காபிக் கோப்பையையே இடது கையாலதான் எடுக்கறேன். கான்சோ படகுலேர்ந்து லீவுல வந்திருக்கார். "ஏண்டி, அந்தத் தடியனுக்கு ஒரு சவரம் பண்ணிவிட்டுடேன், ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்"ங்கறார். அவருக்கு இருக்கற அக்கறை உங்களுக்கு என்னிக்காவது இருந்திருக்கா?

சரி, கை வலியை விடுங்க. அக்டோபர்ல நூலகத்துல நடந்ததை எப்படி மறக்கறது? அத்தனை குழந்தைங்க முன்னால அந்தப் பொண்ணு புத்தகத்தை உங்ககிட்ட நீட்டி, படத்துல விரலை வச்சு, "முர்ஸோ ஏன் பனி கொட்டறப்பவும் மார்ச் நூல் கட்டியிருக்கான்? நாரையைப் பார்த்ததும் அவிழ்த்துடணுமே, அவன் இன்னும் ஒரு நாரையைக்கூடப் பாக்கலையா?"ன்னு கேட்டுது. எவ்வளவு அருமையான கேள்வி! என் பக்கம் திரும்பிக் கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். நீங்க சிரிச்சுக்கிட்டே, "அது இந்த அத்தையோட ஞாபகமறதி. கதை என்னுது, முடியும் மறதியும் அவங்களுது"ன்னீங்க. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. நான் எழுந்து அடுத்த ரயிலைப் பிடிச்சேன்.

முடியும் மறதியுமாம். எனக்கு முடி போதும் அண்ணா.

ஆத்துல பனிக்கட்டி மிதக்குது.

நெவேனா


சோஃபியா, 26 ஜனவரி

நெவேனா,

கோபத்தில் நீ நன்றாகத்தான் எழுதுகிறாய். பேசாமல் கதை எழுதப் போயிருக்கலாம், முடி மிச்சமாகியிருக்கும்.

நீ கேட்காவிட்டாலும் கையெழுத்துப் பிரதியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பத்தியை மட்டுமாவது படி. அதைப் போல ஒன்றை நான் இதுவரை எழுதியதில்லை, இனிமேல் எழுதப்போவதுமில்லை.

பதிப்பகத்தில் ஓவியப் பிரிவு வான்செவிடம் உன் பதிலைச் சொன்னேன். "அதனால என்ன தோழரே, முர்ஸோ எப்படி இருப்பான்னு ஊருக்கே தெரியும். நம்மகிட்ட பசங்க இருக்காங்க, அச்சா அதே மாதிரி போட்டுக் குடுத்துடுவாங்க" என்கிறார். கொடுத்துவிடட்டுமா? நீயே சொல்.

அந்த நூலைப் பற்றிப் பேசுவதென்றால் பேசுவோம். நான் எழுதிய எந்த வரியிலும் அது இல்லை. முதல் புத்தகத்தில் நீ போட்டாய், அச்சாகிவிட்டது. அன்றிலிருந்து நாரை எங்கே, நாரை எப்போது வரும் என்று பிள்ளைகள் எனக்குத்தான் எழுதுகிறார்கள். நான் என் கதையை எழுதுவேனா, உன் நூலுக்கு நாரை தேடிக்கொண்டிருப்பேனா?

பேனா சரியில்லை. தடித்த மார்க்கரில் எழுதியிருக்கிறேன். கண்டுகொள்ளாதே.

மெத்தோதி


ரூசே, 6 பிப்ரவரி

அண்ணா,

பிரதியைப் படிக்கக் கூடாதுன்னுதான் மூணு நாள் அலமாரி மேல வச்சிருந்தேன். அப்புறம் படிச்சேன். கோபத்தோடதான்.

முர்ஸோ எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுக் கிணத்துல இறங்கிப் படுக்கறான், இனிமே எழுந்துக்க மாட்டான். கடைசிப் பத்தி நல்லா இருக்கு. இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா அவன் கைல நூலோடவே அவனைத் தூங்கவச்சுட்டீங்களே, உங்களுக்கு மனசே இல்லையா?

அந்த நூல் எப்படி வந்துதுன்னு நீங்க கேட்டதே இல்ல. இப்ப சொல்றேன். அறுபத்தாறுல எனக்கு வயசு இருபத்தேழு, மொதல் புத்தகம். ஜனவரில குடுக்கறேன்னு சொன்ன கதையை நீங்க குடுத்தது மார்ச்ல. அச்சகத் தேதி மட்டும் மாறல. சமையலறை மேஜைல உக்காந்து வரைஞ்சேன். ராட்சசன் கைக்கு மாதிரி வேணும், யாரும் இல்ல. என் இடது கையையே விளக்குக்குக் கீழ வச்சு, அதைப் பார்த்து வலது கையால வரைஞ்சேன். விரலைத் தடிமனாக்கினேன், முடி வச்சேன், மணிக்கட்டுல என்ன கட்டியிருந்துதோ அதையும் அப்படியே போட்டுட்டேன். செவப்பும் வெள்ளையுமா என்னோட மார்ச் நூல், மார்ச் ஒண்ணாந் தேதி ஊரே கட்டிக்குமே, அதுதான். வேற எந்த ஊர் ஓவியக்காரியா இருந்தாலும் வெறுங் கையைத்தான் வரைஞ்சிருப்பா. மார்ச்ல இந்த ஊர்ல ஏது வெறுங் கை?

வரைஞ்சு முடிச்சு ஜன்னலைத் திறந்தா ஜூன். நாரையெல்லாம் வந்து குஞ்சு பொரிச்சாச்சு. பக்கத்து முற்றத்துல ஆப்ரிகாட் மரம் பூத்ததும் தெரியாது, கொட்டினதும் தெரியாது. ஒரு வசந்தம் பூரா போச்சு எனக்கு. அந்த நூலைக் கடைசில கத்தரியால வெட்டிக் குப்பைல போட்டேன். அதனாலதான் ஒவ்வொரு புத்தகத்துலயும் அவன் கைல அதை விட்டுவச்சேன். அவனாவது ஒரு நாள் பார்க்கட்டுமேன்னு.

வான்செவோட பசங்க வரையட்டும். எனக்கென்ன. நூல் இடது கைல, செவப்புப் புரி வெளிப்பக்கமா இருக்கணும்னு மட்டும் சொல்லிவைங்க.

உங்க போன கடிதத்துல ஒரு வரி மேல இன்னொரு வரி ஏறி உக்காந்திருக்கு. ராக்கியா போட்டுட்டு எழுதினீங்களா?

நெவேனா


சோஃபியா, 15 பிப்ரவரி

நெவேனா,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. விரல் கதவில் நசுங்கிவிட்டது. நான் சொல்லச் சொல்ல தின்கா எழுதுகிறாள்.

நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். என் கதையில் நாரை கிடையாது. தூங்கப் போகிறவனைப் போகவிடு. எனக்கும் அலுத்துவிட்டது. உனக்கு முடி அலுத்த மாதிரி எனக்கு வார்த்தை அலுத்துவிட்டது. வரைய வேண்டாம் என்றால் வரையாதே. வான்செவிடம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புத்தகத்துக்கு வேண்டாம், எனக்காக, முர்ஸோவை ஒரே ஒரு படம் போட்டு அனுப்பு. பெரிதாக, எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக. மார்ச் முடிவதற்குள் அனுப்பினால் நல்லது.

மெத்தோதி

அம்மா, அவர் விரல் நல்லாத்தான் இருக்கு. இதை நான் கீழே எழுதினது அவருக்குத் தெரியாது. — தின்கா


ரூசே, 24 பிப்ரவரி

அண்ணா,

உங்க கடிதத்துக்குக் கீழ தின்கா அம்மா உங்களைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்காங்க. அதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்க.

ஒரு புத்தகத்தோட மாதிரியைத் தயார் பண்றப்ப எல்லாப் பக்கத்தையும் தரைல வரிசையாப் பரப்பி, நாற்காலி மேல ஏறி நின்னு பார்ப்பேன். தனித்தனியாப் பார்த்தா தெரியாத தப்பெல்லாம் அப்பத் தெரியும். நேத்து உங்க கடிதங்களை அப்படிப் பரப்பினேன். போன வருஷத்து வாழ்த்து அட்டைலேர்ந்து எல்லாத்தையும். எழுத்து பெரிசாகிக்கிட்டே வருது. பேனா தடிச்சுக்கிட்டே வருது. வரி கீழ சரியுது, அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. நீங்களே எழுதின கடைசி உறைல முகவரி ஒரு மூலைல போய் ஒட்டிக்கிட்டிருக்கு. நாற்காலி மேலேயே உக்காந்துட்டேன்.

எவ்வளவு நாளா கண்ணு தெரியல?

அன்னிக்கு நூலகத்துல அந்தப் பொண்ணு விரலை வச்சுக் காட்டின எடம் உங்களுக்குத் தெரியல, அப்படித்தானே? தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு சிரிப்பை எடுத்து விட்டீங்க. அது என் தலைல விழுந்துது. மனுஷன்தானா நீங்க! என்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் பொறக்கப்போகுது. நூல் ஒண்ணு திரிச்சு வச்சிருக்கேன். தின்கா அம்மாவை விட்டுக் கட்டிக்கோங்க. இடது கைல.

நெவேனா


சோஃபியா, 3 மார்ச்

அன்புள்ள நெவேனா,

உன் கடிதங்களை தின்காதான் உரக்கப் படித்துக் காட்டுகிறாள். நீ என்னைத் திட்டும் இடங்களை மிகவும் ரசித்துப் படிக்கிறாள், மாடிப்படி முழுக்கக் கேட்கிறது. மூன்றாம் மாடிக்காரன் நேற்று என்னை நிறுத்தி, "மனுஷன்தானா நீங்க!" என்று சொல்லிவிட்டுப் போனான். கீழே எழுதிய அந்த வரியைப் பற்றி நீ சொன்ன இடம் வந்ததும் இவளுக்கு ஒரே இருமல்.

இரண்டு வருஷமாகிறது. முதலில் நேர்க்கோடுகள் வளைந்தன. இப்போது நான் எதைப் பார்த்தாலும், பார்க்கிற இடத்தில் ஒரு கறை. தேநீர் கொட்டிக் காய்ந்த கறை மாதிரி. கண்ணை எங்கே திருப்பினாலும் அதுவும் கூடவே வருகிறது. சுற்றிலும் நன்றாகத் தெரிகிறது. தின்காவின் காதுத்தோடு தெரிகிறது, முகம் தெரியாது. ரொட்டிக் கடைப் பலகையின் ஓரம் தெரிகிறது, எழுத்து தெரியாது. மருந்தில்லை, இன்னும் பெரிதாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் முகமும் எனக்குத் தெரியாததால் வருத்தப்பட்டாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

இதுதான் என் அவசரம். உன் முர்ஸோவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆறு புத்தகத்திலும் நான் எழுதியதைவிட அவன் நன்றாக இருந்தான். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும் என்று நினைத்தேன், எனக்குத்தான் ஏறியிருந்தது.

ஆனால் இரக்கப்பட்டு வரையாதே. இரக்கப்பட்டு வரைந்ததை ஓரக்கண்ணால் பார்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

நூலைக் கட்டிக்கொண்டேன்.

மெத்தோதி


ரூசே, 12 மார்ச்

அண்ணா,

இரக்கமா? உங்க மேல எனக்கு வர்றது எரிச்சல்தான். எரிச்சல்லதான் வரைய ஆரம்பிச்சிருக்கேன்.

கான்சோவோட பழைய கண்ணாடி ஒண்ணு கெடந்துது. ரெண்டு வில்லைக்கும் நடுவுல பன்றிக்கொழுப்பைத் தடவிப் போட்டுக்கிட்டு ஒரு நாள் பூரா வீட்டுல நடந்தேன். பாலைக் கொட்டினேன். பூனையை மிதிச்சேன். கான்சோவைப் பார்த்தா ரெண்டு காது ஜோராத் தெரியுது, நடுவுல ஆளைக் காணோம். இருபது வருஷக் குடித்தனத்துல இவர் இவ்வளவு அமைதியா இருந்து பார்த்ததில்லைன்னேன். அவருக்குச் சிரிப்பு வரல.

அப்புறம் படம். எப்பவும்போலத் தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னதாப் போட்டுப் பார்த்தேன். முர்ஸோ நடுவுல, முர்ஸோ பக்கவாட்டுல, முர்ஸோ தலைகீழா. அந்தக் கண்ணாடி வழியாப் பார்த்தா ஒண்ணும் நிக்கல. அவன் எங்க இருந்தாலும் கண்ணு நேரா அவன் மேல போகுது, போன உடனே அவன் காணாமப் போயிடறான். களிமண்ணுல ஒரு முர்ஸோ செஞ்சு, கிணறுக்குப் பதிலா ஒரு துருப்பிடிச்ச வாளில படுக்கவச்சு, மேலேர்ந்து எட்டிப் பார்த்தேன். கறைதான் தெரிஞ்சுது. கடுப்புல வாளியை ஒரு ஒதை விட்டேன். அடிப்பாகம் கழண்டு உருண்டு போச்சு.

என்ன தோணிச்சோ, அடியில்லாத அந்த வாளியை எடுத்துத் தலை மேல மாட்டிக்கிட்டு அண்ணாந்து பார்த்தேன். "பைத்தியம் பிடிச்சிருச்சா? வாளியை ஏண்டி மாட்டிக்கிட்டிருக்கே?"ன்னு கான்சோ கத்தறார். கத்தட்டும். அண்ணா, சுத்தி பூரா கிணத்துச் சுவரு. நடுவுல வெறும் ஆகாசம்! கறை போய் ஆகாசத்துல ஒக்காந்துக்குது, யாருக்கும் எடைஞ்சல் இல்ல. இத்தனை வருஷமா நான் முர்ஸோவை மேலேர்ந்தே பார்த்திருக்கேன். அவன் படுத்துக்கிட்டு எதைப் பார்க்கறான்னு ஒரு தடவைகூடப் பார்க்கல.

கடைசி ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். எல்லாம் ஓரத்துல. நடு மடிப்புல ஒண்ணும் மாட்டாது. கிணத்தடி இருட்டுங்கறதால முடியும் கெடையாது, படகுக்குப் பெயின்ட் அடிக்கற தட்டைத் தூரிகையால ஒரே இழுப்பு. கான்சோ சொன்ன சவரம் ஆயாச்சு. கை வலிக்குது, ஆனா வேற எடத்துல வலிக்குது. அதுவே ஒரு மாறுதல்.

வான்செவுக்கு வரைவு அனுப்பிட்டேன். அவருக்கு எழுதாத ஒரு விஷயம் இருக்கு, உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும். அந்தப் பக்கத்துல எழுத்து வேண்டாம். உங்க கடைசிப் பத்தியை எடுத்துடுங்க.

நெவேனா


சோஃபியா, 20 மார்ச்

நெவேனா,

வான்செவ் உன் வரைவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "நடுவுல இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கு. ஓவியர் மறந்துட்டாங்களா?" என்கிறார். அப்புறம் அவராகவே, "ஓ, உங்க பத்திக்கு எடம் விட்டிருக்காங்க!" என்று மகிழ்ந்துபோனார். நான் அவரைத் திருத்தவில்லை. எனக்கும் அப்படி இருந்தால் தேவலை என்றுதான் தோன்றியது.

அந்தப் பத்தி எந்த நிலையில் எழுதியது என்று உனக்குத் தெரியாது. நவம்பரில், ஜன்னலோரம், முகத்தைத் தாளில் வைத்துத் தேய்க்காத குறையாக எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் ஓரக்கண்ணால் பிடித்துப் பிடித்து எழுதினேன். கதையென்று என் கண்ணால் பார்த்து நான் எழுதிய கடைசிப் பத்தி அது. மறுநாள் எடுத்தால் படிக்க முடியவில்லை. அதைப் போய் எடுத்துவிடு என்கிறாய். உன்னிடம் நான் அப்படிக் கேட்டிருப்பேனா? உன் கடைசிப் படத்தைக் கிழித்துப் போடு என்று?

இரண்டு நாளாக தின்காவுக்குக்கூடக் கதவைத் திறக்கவில்லை. சூப்பை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். இதை எழுதத்தான் இன்று உள்ளே கூப்பிட்டேன்.

வேண்டுமானால் சின்ன எழுத்தில், நடுவில், மெல்லிய நிறத்தில் போடலாம் என்கிறார் வான்செவ். சம்மதமா?

மெத்தோதி


ரூசே, 29 மார்ச்

அண்ணா,

சம்மதம் இல்ல.

உங்க பத்தியை மறுபடி எடுத்து வச்சுக்கிட்டு அழுதேன். பூனையைத் தவிர யாரும் பார்க்கல. அது அழகா இல்லைன்னா நான் இவ்வளவு கெஞ்ச மாட்டேன். அதுல நீங்க அவன் கண்ணை மூடறீங்க. நான் இப்பதான் திறந்துவிட்டிருக்கேன். ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்க முடியாது.

ஆனா புத்தகம் ரெண்டு பேரோடதும். அதனால படத்தைப் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. பத்தி வேணும்னு சொன்னா நானே அளவெடுத்து எடம் போட்டுத் தர்றேன். அதுக்கப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க மாட்டேன். சத்தியம்.

அச்சுக்குப் போற அளவு இல்ல இது. உங்களுக்காகப் படுக்கை விரிப்பு அளவுக்குத் தனியாப் போட்டது. கான்சோ ரயில்ல கொண்டுவர்றார். சுவர்ல மாட்டச் சொல்லுங்க. பகல் வெளிச்சத்துல, ரெண்டடி தள்ளி உக்காருங்க. எதையும் தேடாதீங்க. நடுவுல வெள்ளையா இருக்கற எடத்தையே பாருங்க. மத்ததெல்லாம் தானா வரும். மூலைல என்ன இருக்குன்னு தின்கா அம்மா சொல்லக் கூடாது. வாயைக் கட்டிப்போடுங்க.

நான் ரொம்பக் களைச்சுட்டேன். இந்த வருஷமும் ஜன்னலுக்கு வெளிய என்ன நடக்குதுன்னு தெரியல. என் கை நூல் இன்னும் கைலதான் இருக்கு.

நெவேனா


சோஃபியா, 5 ஏப்ரல்

என் நெவேனா,

கான்சோ வந்தான். ஆணி அடித்தான், ராக்கியா குடித்தான், உன் வாளிக் கதையை நடித்தே காட்டினான். தின்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு இரண்டு பேரையும் சமையலறைக்கு விரட்டிவிட்டு நான் மட்டும் உட்கார்ந்தேன்.

நீ சொன்னபடி நடுவையே பார்த்தேன். முதலில் வழக்கமான கறைதான். எழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் மெல்ல, சுற்றிலும் கல் தெரிந்தது. ஈரக்கல், பாசி. கீழே இடதுபக்கம் கனமாக, கறுப்பாக ஒன்று கிடந்தது. ஒரு முடிகூட இல்லை, ஆனால் அவனேதான். எங்கே பார்த்தாலும் அவனை அடையாளம் தெரியும் எனக்கு. அவன் கை மேலே நீண்டிருக்கிறது, மணிக்கட்டில் சிவப்பு ஒரு கோடு. நான் அசையவில்லை. அசைந்தால் கறை அவன்மேல் போய்விடும். கறை அதுபாட்டுக்கு ஆகாயத்தில் மேகம் மாதிரி நின்றுகொண்டிருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அது எனக்குத் தொந்தரவு கொடுக்காமல் நின்றது அப்போதுதான்.

அப்போது வலது மேல் மூலையில், கிணற்று விளிம்பைத் தாண்டி, வெள்ளையாக ஒன்று. கறுத்த இறக்கை நுனி. நீட்டிய சிவப்புக் கால்.

நாரை என்று கத்திவிட்டேன். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். தின்கா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கான்சோ அழவில்லை என்று சொல்லச் சொன்னான்.

வான்செவிடம் பேசிவிட்டேன், பத்தியை எடுத்துவிடுவார். வலிக்காமல் இல்லை. முந்தின பக்கத்தின் அடியில் மட்டும் ஒரே ஒரு வரி கேட்டேன், ஒத்துக்கொண்டார். நீயும் ஒத்துக்கொள். "நாளைக்கு அவிழ்த்துக்கொள்ளலாம் என்றான் முர்ஸோ." அவ்வளவுதான். சோம்பேறிப் பயல், அவன் உடனே அவிழ்க்க மாட்டான். நாளைக்கு என்றால் நாளைக்கு அவன் எழுந்துகொள்ள வேண்டுமே. பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

நான் அவ்வளவு சோம்பேறி இல்லை. நாரையைப் பார்த்தாயிற்று, உன் நூலை அவிழ்த்துவிட்டேன். படத்தில் பார்த்தது கணக்கில் சேருமா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு. பூத்த கிளையில் கட்ட வேண்டும், எனக்குக் கிளையைப் பிடித்து முடிபோட வராது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் பக்கத்து முற்றத்து ஆப்ரிகாட் இப்போது பூத்திருக்கும். ஜன்னல் வழியாகப் பார்க்காதே, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போ. என்னுடையதைக் கட்டு. அப்படியே ஆற்றங்கரை வரைக்கும் நடந்து, உன்னுடையதையும் அவிழ்க்க வழி பார்.

கொஞ்ச நாளைக்கு எதையும் வரையாதே.

உன் அண்ணன்
மெத்தோதி